செகண்ட் டிரைவர்

மறுபடியும் என் வலது கால் தரையை மிதிக்கிறது. அங்கே பிரேக் கிடையாது, எனக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை. நம்ம ஊர் லாரியாக இருந்தால் நான் உட்கார்ந்திருக்கிற இந்த வலப்பக்கம்தான் டிரைவர் சீட். இந்த போர்ச்சுகல் தேசத்தில் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறார்கள், ஸ்டியரிங் இடப்பக்கம் அவர் கையில் இருக்கிறது, என் முன்னால் ஒரு பிளாஸ்டிக் அறையும் அதற்குள் மகள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட்டும்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கிறது, யாரும் விதைத்ததில்லை, எல்லாம் களை, நம்ம காட்டில் முளைத்திருந்தால் ஆள் விட்டுப் பிடுங்கியிருப்போம், இங்கே அதைப் பார்க்க ஏரோப்ளேன் ஏறி வருகிறார்கள். நாங்களும் ஏறித்தான் வந்தோம். வந்துவிட்டு நான் பூவைப் பார்க்காமல் ரோட்டு நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோடு எங்களுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இருக்கிறது. இருக்கிற வரைக்கும் மூச்சு விடலாம். மெல்ல அது வண்டிக்கு அடியில் நுழையப் பார்க்கிறது, இதோ, நுழைந்தேவிட்டது, "ஏனுங்க, செத்த வலக்கைப் பக்கம்," என்கிறேன், கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிற மாதிரி, எனக்கு ஒன்றும் பயமில்லை என்று காட்டுகிற மாதிரி. "தெரியும் புள்ள," என்கிறார். கோடு வெளியே வருகிறது. காலையிலிருந்து எனக்கு இதுதான் வேலை.

காலையில் அந்த ரவுண்டானா. நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. நம்ம ஊரில் சுற்றுகிற மாதிரியே இடப்பக்கமாகச் சுற்றிவிட்டார், எதிரே ஒரு சின்ன வெள்ளைக் கார், அதில் முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள், வாயைத் திறந்தபடி. அவள் கத்தியிருக்க வேண்டும், கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் தெரிந்தது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்கூட இல்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, "இண்டியா?" என்றார், கையை இடப்பக்கம் ஆட்டினார், சிரித்தார். இவரும் சிரித்தார். "இண்டியா, லெஃப்ட் சார், லெஃப்ட்," என்று இவர் சொல்ல, அந்த அம்மாளும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். நானும்தான் சிரித்தேன். வேறு என்ன செய்வது. ஊர் மாறி வந்தால் எல்லோருக்கும் வருகிற தப்பாம், மாப்பிள்ளை லிஸ்பனுக்கு வந்த முதல் வாரம் அவருக்கும் வந்ததாம், நாலு நாளில் சரியாகிவிட்டதாம். சரி. ஆனால் இவருக்கு முதல் வாரம் வரவில்லையே. வந்த அன்றைக்கே ஏறி உட்கார்ந்து, ஏதோ பிறந்ததிலிருந்து வலப்பக்கத்தில் ஓட்டியவர்போல ஓட்டினாரே, மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து, "மாமா, உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமேயில்லை," என்று சொன்னாரே. தெரியாதவர்கள் முதலில் தப்புப் பண்ணுவார்கள், அப்புறம் பழகிக்கொள்வார்கள். இவர் பழகியதை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறார். இது இடம் வலம் மாறியதால் வந்த தப்பு இல்லை. இதை அந்தப் போலீஸ்காரரிடம் எந்தப் பாஷையில் சொல்வேன், தமிழிலேயே என்னால் சொல்ல முடியவில்லையே.

மேகலா எங்கள் ஒரே மகள், லிஸ்பனில் வேலை. அவள்தான் இந்த வண்டியை வாடகைக்குப் பிடித்தாள். வீட்டையே தூக்கி ஒரு வேனின் மேல் வைத்த மாதிரி வண்டி, பின்னால் கட்டில், அடுப்பு, தொட்டி, கக்கூஸ்கூட உண்டு. பார்த்ததும் இவர் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்து, "இத்தன வருசம் இது தெரியாமப் போச்சே," என்றார். நாமக்கல்லில் லாரி ஏறி வடக்கே லோடு கொண்டுபோனவருக்கு ஆசை இருக்காதா. ரோட்டோரம் லாரியை நிறுத்தி, அதன் நிழலில் பம்ப் அடுப்பைப் பற்றவைத்துச் சோறாக்கித் தின்றவர்தானே, இங்கே நின்றபடி சமைக்கலாம் என்றதும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். நான் மட்டும் என்ன. எனக்கும் ஆசை. சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்ப ஆசை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கிளம்புவதையும் அவர் வருவதையும்தான் பார்த்திருக்கிறேன். நடுவில் இருந்ததெல்லாம் அவருடையது. மழை, மலை, தாபா, ஆரஞ்சுத் தோட்டம், பனி என்று வந்து சொல்வார், நான் அவருடைய அழுக்குத் துணியை ஊறவைத்துக்கொண்டே கேட்பேன். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால், "பொம்பளைங்க போற லைனா அது?" அவ்வளவுதான் பேச்சு. இப்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுகிறார். மலை வருகிறது, நான் பார்க்கிறேன். நாரை கரண்ட் கம்பத்தின் உச்சியில் கூடு கட்டியிருக்கிறது, அவர் எனக்குக் காட்டுகிறார். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். ஊரிலேயே தெரியும் எனக்கு. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஊரிலேயே என்ன தெரியும்? ஒன்றும் பெரிதாக இல்லை, அதுதான் தொல்லை, பெரிதாக இருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். ஸ்கூட்டரில் போகும்போது ஆஞ்சநேயர் கோயில் முன்னால் நிறுத்தி, "கோயிலுக்கு எப்படிப் போறது?" என்று என்னையே கேட்டார். தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்தேன். சிரித்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் தமாஷ் இல்லை. கல்யாணத்துக்குப் போனால் வேறு யாரோ கல்யாணத்தில் போய் உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டும் விட்டோம். வயசானால் மறதி வரும், யாருக்குத்தான் இல்லை, எனக்கே அடுப்பில் பாலை வைத்தால் நினைவிருக்காது. இப்படித்தான் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டேன். தள்ளியது எல்லாம் ஒரே மூலையில் போய்ச் சேர்ந்து இப்போது மலையாக நிற்கிறது. இங்கே எலுமிச்சம்பழம். வழியெல்லாம் மதிலுக்கு மேல் காய்த்துத் தொங்குகிறது, முதல் நாள் கிளம்பும்போது நாலு பழம் பறித்து டயருக்கு ஒன்றாக வைத்து நசுக்கிக்கொண்டு புறப்பட்டார், மாப்பிள்ளை போட்டோ எடுத்தார், எல்லோருக்கும் சந்தோஷம். பயணம் தொடங்கும்போது ஒரு தடவை வைப்பதுதான் முறை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு நிறுத்துகிற இடத்திலெல்லாம் வைக்கிறார். டீசல் போட நிறுத்தினால் வைக்கிறார். ஒன்றுக்குப் போக நிறுத்தினால் வைக்கிறார். "வெச்சாச்சுங்களே," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "வைக்காம வண்டிய எடுக்கச் சொல்றியா?" என்று அதட்டினார். அப்புறம் நானே பழம் பறித்து மடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். இப்போதுகூட மடியில் இருக்கிறது. அவர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், ஏன் என்று கேட்க மாட்டேன், ஒரு பைத்தியத்துக்கு இன்னொரு பைத்தியம் துணை.

போன் அடிக்கிறது. மேகலாதான். "ம்மா, சாப்டீங்களா? எங்க இருக்கீங்க?" எங்கே இருக்கிறோம். ஊர் பெயர்ப் பலகை ஒன்று வந்தது, வாயில் நுழையவில்லை. "இங்கதான் சாமி, எவோரா போற வழியில," என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எவோராவுக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாகத் திட்டம். "அப்பா எப்படி ஓட்டறாரு?" என்கிறாள். இதுதான் சமயம். சொல்லிவிடலாம். அவர் பக்கத்தில் இருந்தால் என்ன, ஏதாவது ஜாடையாகச் சொல்லலாம், உடம்பு சரியில்லை எனலாம், எனக்குத்தான் மயக்கம் வருகிறது, வந்து கூட்டிப்போ எனலாம். வாயைத் திறக்கிறேன், அவர் ரோட்டைப் பார்த்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது, கழுத்து நரம்பு லேசாகப் புடைத்திருக்கிறது. "அப்பாவுக்கென்ன, ராசாவாட்ட ஓட்டறாரு," என்கிறேன். அவர் கழுத்து தளர்கிறது. மேகலா சிரிக்கிறாள், "வழி சொல்றத ஆஃப் பண்ணிராதீங்க," என்கிறாள், வைத்துவிடுகிறாள். வழி சொல்கிற அந்தப் பெண் குரலை அவர் நேற்றே அணைத்துவிட்டார். "வலதுபுறம் திரும்பவும்னு எனக்கே பாடம் எடுக்கறா," என்றார். எனக்கு அதை மறுபடி எப்படிப் போடுவது என்று தெரியாது. எனக்கு என்னதான் தெரியும்? வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. லாரிக்காரன் பெண்டாட்டிக்கு எதற்கு அதெல்லாம் என்று இருந்துவிட்டேன். ஸ்டியரிங்கை வாங்கினால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று மட்டும் தெரியும். லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார். அதை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும், ஒரு பனியனும் வேட்டியும் என் அதட்டலும்.

ரோடு குறுகுகிறது. தார் போய் மண் வந்துவிட்டது, இல்லை, மறுபடி தார். இரண்டு பக்கமும் அந்த மரங்கள், பாட்டிலுக்கு அடைப்பான் செய்கிற மரமாம், அடிமரத்தில் பட்டையை உரித்துவிட்டு நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள், உரித்த இடம் ரத்தச் சிவப்பாக இருக்கிறது, மேலே ஒன்றுமே நடக்காத மாதிரி இலை பச்சைப் பசேல் என்று. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்திருக்கிறது, வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டே வருகிறார். "செக்போஸ்ட்டு இன்னும் வரலியே," என்கிறார். "நாக்பூர் தாண்டிட்டமா வையாபுரி?" என்கிறார். சாதாரணமாக, மணி என்ன என்று கேட்பதுபோல. வையாபுரி இவருடைய செகண்ட் டிரைவர். தூரப் போகிற லாரியில் ஓட்டுநர் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் ஓட்டும்போது ஒருவர் தூங்க வேண்டும். இவரோடு வெகுகாலம் போன ஆள், கறுப்பாக, மெலிவாக, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாசலிலேயே நின்று "அண்ணன் இருக்கறாருங்களா" என்பார். மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார், இவர்தான் பாடைக்குத் தோள் கொடுத்தார், திரும்பி வந்து குளித்துவிட்டு வயிற்று நோவுக்காரனைப்போலச் சுருண்டு படுத்துக்கொண்டார். அந்த வையாபுரியாக என்னை நினைத்து நாக்பூர் தாண்டிவிட்டோமா என்கிறார். "நான் துளசிங்க," என்கிறேன். திரும்பிப் பார்க்கிறார். ஒரு கணம், எனக்கு மட்டுமே தெரிகிற ஒரு கணம், நான் யார் என்று தேடுகிறார். அப்புறம், "தெரியாதா எனக்கு? தமாசுக்குச் சொன்னேன் புள்ள," என்கிறார். நானும் சிரிக்கிறேன். போலீஸ்காரர் சிரித்தார், அந்த அம்மாள் சிரித்தாள், மகள் சிரித்தாள், நானும் சிரிக்கிறேன், இந்தக் காட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டேயிருக்கிறோம்.

செம்மறியாடுகள். வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க ஆடுகள், கழுத்தில் மணி. என் கால் தரையை மிதிக்கிறது, அதற்கு முன்பே அவர் மிதித்துவிட்டார், வண்டி குலுங்காமல், பாத்திரம்கூட உருளாமல் நிற்கிறது. அப்படி ஒரு பிரேக். எஞ்சினை அணைக்கிறார், ஆடு மிரளக்கூடாது என்று. ஆட்டுக்காரர் தொப்பியைத் தொட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வருகிறார், வெயிலில் காய்ந்த முகம், ஏதோ சொல்கிறார். இவர் தமிழில், "மெதுவா ஓட்டுங்க, அவசரமில்ல. சினையாடு இருக்குது பாருங்க அதுல ரெண்டு," என்கிறார். ஆட்டுக்காரர் இவர் காட்டிய ஆட்டைப் பார்த்துவிட்டு, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டித் தலையாட்டுகிறார், நீளமாக எதையோ சொல்கிறார். "அதேதான்," என்கிறார் இவர். இரண்டு பேரும் ரொம்ப நாள் பழகியவர்கள் மாதிரி. ஆட்டு வாசம் வருகிறது, ஊர் வாசம்தான், ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு நெஞ்சு லேசாகிறது. ஒன்றுமில்லை இவருக்கு. சினையாடு எது என்று ஜன்னலிலிருந்து பார்த்துச் சொல்கிற மனுஷனுக்கு மூளை கெட்டுப்போகுமா. நான்தான் சும்மா பயந்து பயந்து, வலக்கைப் பக்கம் வலக்கைப் பக்கம் என்று நச்சரித்து அவரைக் குழப்புகிறேன். பக்கத்தில் ஒருத்தி இப்படித் தொணதொணத்தால் யாருக்குத்தான் கோடு தப்பாது. எவோரா போய்ச் சேர்ந்ததும் ரசம் வைக்க வேண்டும், புளி இருக்கிறது, தக்காளி இருக்கிறது. கடைசி ஆடும் போய்விட்டது. ஆட்டுக்காரர் கையைத் தூக்குகிறார், இவரும் தூக்குகிறார். கிளம்புகிறோம். எலுமிச்சம்பழம் கேட்கவில்லை. பார்த்தாயா, கேட்கவில்லை, சரியாகிவிட்டார்.

காடு முடிந்து வெட்டவெளி. ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது, முன்னால் வண்டி இல்லை, பின்னால் இல்லை, பயிரும் பூவும் வானமும்தான். வெயில் மடியில் விழுகிறது. கண் சொக்குகிறது எனக்கு, விடிகாலையிலிருந்து விழித்துப் பார்த்துப் பார்த்து இமையெல்லாம் எரிகிறது, ஒரு நிமிஷம் மூடினால் என்ன, கோடு சரியாகத்தான் இருக்கிறது, இந்த ரோட்டில் எதிரே வர யார் இருக்கிறார்கள். மூடுகிறேன். அந்த ரவுண்டானா அம்மாளின் வாய் தெரிகிறது. திறக்கிறேன். அவர் கொட்டாவி விடுகிறார். தோளைச் சுழற்றிக்கொள்கிறார். பெல்ட்டை அவிழ்க்கிறார், வண்டி கீங் கீங் என்று கத்துகிறது. சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளத்தான் அவிழ்க்கிறார் என்று நினைக்கிறேன், வெக்கை, நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருக்கிறேன், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் எழுந்திருக்கிறார். வண்டி ஓடுகிறது. குனிந்து எழுந்து நிற்கிறார். "புடி வையாபுரி. கண்ணு இழுக்குது," என்கிறார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. லாரியில் இவர்கள் அப்படித்தான் மாற்றிக்கொள்வார்கள். வண்டியை நிறுத்தினால் நேரம் போகும் என்று, நேர் ரோடு பார்த்து, ஓடுகிற வண்டியிலேயே ஒருவர் எழுந்திருக்க ஒருவர் நுழைந்து உட்கார்ந்துவிடுவார்கள், ஸ்டியரிங்கில் எப்போதும் ஒரு கை இருக்கும். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வார், நான் காதைப் பொத்திக்கொள்வேன். அவர் கையை எடுத்துவிட்டார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற வழியில் என் தோளைத் தட்டிவிட்டுப் பின்னால் போகிறார். "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்துகிறேன். திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும், வையாபுரி இருக்கிறானே.

இடது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன், என் பெல்ட் என்னை இழுக்கிறது, விரல்தான் எட்டுகிறது. பிடித்த பக்கமாகவே வண்டி வளைகிறது, நான் பிடித்து இழுத்ததால்தான் வளைகிறது என்று தெரிகிறது, விட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பெல்ட்டின் பொத்தானை இன்னொரு கை தேடுகிறது, அது மடியில் இருக்கிற பழத்தைத் தேடிப் பிடிக்கிறது, சனியன், பழங்கள் உருள்கின்றன. முருகா. பள்ளம் தெரிகிறது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஊதாப் பூ. பின்னால் கட்டில் கிறீச்சிடுகிறது, அவர் படுத்துவிட்டார். கம்பி வேலி ஒன்று கண்ணாடியில் வந்து அறுந்து போகிறது. குலுங்குகிறது, தட்டுகள் எல்லாம் ஒரேயடியாக விழுகின்றன, என் தலை பக்கத்துக் கண்ணாடியில் போய் இடிக்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், எஞ்சின் இருமி இருமி, மழையில் ஊறிய மண்ணில் சக்கரம் புதைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கீங் கீங் மட்டும் நிற்கவில்லை. முன் கண்ணாடி முழுக்கப் பூ. ரொம்ப அழகாக இருக்கிறது, இப்போது போய் இதெல்லாம் கண்ணில் படுகிறது. எதிரே ஒரு வண்டி வந்திருந்தால். அந்த ஆட்டுக்காரர் இங்கே ஓட்டிக்கொண்டு வந்திருந்தால். யாரோ ஒரு பெண் குழந்தையோடு. நான் கொன்றிருப்பேன். அவர் இல்லை, நான். ராசாவாட்ட ஓட்டறாரு என்று சொன்ன வாய் இது, இதில் இப்போது ரத்தம் உப்புக் கரிக்கிறது.

பெல்ட் இப்போது ஒரே அழுத்தில் கழன்றுகொள்கிறது. டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்கிறேன், வேறு எதற்குமில்லை, சாவி அங்கேதான் இருக்கிறது. திருப்பி உருவுகிறேன். கத்தல் நிற்கிறது. சீட் அவர் சூட்டோடு இருக்கிறது. சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்கிறேன். இனி இது எனக்குத்தான், அவர் கத்தட்டும், அடிக்கட்டும், ஒரு நாளும் அடித்ததில்லை, இன்றைக்கு வேண்டுமானால் அடிக்கட்டும். கத்துவார் என்று காத்திருக்கிறேன். வா, வந்து கேள், எதற்கடி நிறுத்தினாய் என்று கேள், உனக்கு நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், கோயில், கல்யாணம், ரவுண்டானா எல்லாவற்றையும். "நிறுத்திட்டியா?" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. கோபமே இல்லாத குரல். எழுந்து பின்னால் போகிறேன், சாய்ந்த தரையில் உடைந்த தட்டுகளைத் தாண்டி. கட்டிலில் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், காயம் ஒன்றும் இல்லை, கையை மடித்துத் தலைக்கு வைத்திருக்கிறார், கண் மூடியிருக்கிறது. "வையாபுரி, இப்படி உக்காரு," என்கிறார். உட்கார்கிறேன். "ஒண்ணு சொல்றேன், மனசோட வெச்சுக்க. கொஞ்ச நாளா எனக்கு ரோடு அத்துப் போயிருது. ஓட்டிட்டே இருப்பேன், திடீர்னு எங்க போறம், எதுக்குப் போறம், ஒண்ணும் இருக்காது. வர்ற வரைக்கும் நேரா புடிச்சுட்டு இருப்பேன். யாரையாச்சும் ஏத்திப்போடுவனோன்னு பயமா இருக்குது."

அவர் காதுப் பக்கம் குனிகிறேன். அப்புறம், எங்கள் வாசலில் நின்று கேட்ட அந்தக் குரலை நினைவுபடுத்திக்கொண்டு, தணிந்து கேட்கிறேன். "ஊட்டுல தெரியுங்களாண்ணா?"

"துளசிக்கா?" கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டுகிறார். "சொல்லிப்போடாத. பயந்துக்குவா. இத்தன வருசம் ஊட்டுக்குள்ளயே கெடந்தவ, இப்பத்தான் ஆசையா வண்டியில ஏறியிருக்கறா. பக்கத்துல உக்காந்துட்டு எல்லாத்தையும் எப்படிப் பாத்துட்டு வர்றாங்கற! அதக் கெடுக்கக் கூடாது. அவள ஊடு சேக்கற வரைக்கும் நீ ஓட்டு. நான் எடுக்க மாட்டேன் இனி."

"சரிங்ணா."

"சத்தியமா சொல்ல மாட்டீல்ல?"

"சொல்ல மாட்டேனுங்ணா. தூங்குங்க."

உடனே தூங்கிவிட்டார், ரோட்டில் தூங்கிப் பழகியவர் தூக்கம், வாய் திறந்து, மூச்சு சீராக. இத்தனை நாள் நான் அவரைக் காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலடியில் கிடந்த போர்வையை இழுத்து அவர் மேல் போடுகிறேன், சாய்வில் அது நழுவி நழுவி விழுகிறது, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுகிறேன். அழுகை வருகிறது, வரட்டும், வையாபுரி அழுதால் யார் பார்க்கப்போகிறார்கள். கதவைத் திறந்து இறங்குகிறேன். பூ முழங்கால் வரைக்கும் நிற்கிறது, தேனீக்கள் சத்தம், ரோட்டில் இன்னும் ஒரு வண்டியும் இல்லை. போனை எடுக்கிறேன். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை, மேகலாவின் படத்தைப் பார்த்து அழுத்துகிறேன்.

"என்னம்மா?" என்கிறாள்.

"சாமி, நீயும் மாப்பிள்ளையும் இப்பவே கெளம்பி வாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் வேண்டாம். யாருக்கும் அடி கிடி இல்ல. ஆனா அப்பாவால இனி வண்டி ஓட்ட முடியாது."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. "ஏம்மா? என்னாச்சு? முடியாதுன்னு யாரு சொன்னது?"

"அப்பாதான் சாமி சொன்னாரு," என்கிறேன்.